ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்யுமா?

ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்வதால் ஏரியில் அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அதில் பாதி சரி. அந்தச் செடியின் கறுத்த, இறகு போன்ற வேர்கள் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சும். சில கன உலோகங்களையும்தான். கழிவுநீர்க் குட்டைகளில் இதை வளர்ப்பது அதனால்தான். ஆனால் அங்கே செடியை அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்துவிடுவார்கள், அதைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எடுக்காவிட்டால் செடி அங்கேயே செத்து அழுகும். உறிஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீருக்கே திரும்பும், அழுகும்போது ஆக்சிஜனும் தீரும். மேலே பச்சைப் போர்வை மூடியிருப்பதால் வெயிலும் காற்றும் உள்ளே போவதில்லை.

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். மீன் தொட்டிக் கடைகளில் கரைந்த ஆக்சிஜன் அளக்கும் கிட் கிடைக்கும். செடி அடர்ந்த இடத்தில் ஒரு பாட்டில், திறந்த இடத்தில் ஒரு பாட்டில், இரண்டையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள்ளேயே மூடி போட்டு எடுங்கள் (காற்றுக்குமிழ் இருந்தால் கணக்கு தப்பும்). கரையிலேயே உடனே அளந்துவிடுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. கிட் இல்லையா? இரண்டு வாளியில் ஏரித் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் வெட்டிய செடியை அமுக்கி வையுங்கள். ஒரு வாரம் கழித்து மோந்து பார்த்தாலே தெரியும், அப்புறம் வாளியைத் தேய்த்துக் கழுவுவதுதான் பாடு.