ரெண்டு தட்டு தட்டினால் போதுமே!

ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் 2019-ல் வந்தபோதே பிங் வசதியோடுதான் வந்தது. பிங் என்றால், பேசாமலேயே டீமுக்கு ஒரு இடத்தைக் குறி போட்டுக் காட்டுவது. மைக் இல்லையா, மொழி தெரியாதா, பரவாயில்லை. மவுஸின் நடு பட்டனை ஒரு தட்டு தட்டினால் 'இங்கே போவோம்', ரெண்டு தட்டினால் 'எதிரி இங்கே'. கூட ஆடுகிறவர்கள் இதைக்கூடச் செய்ய மாட்டார்களாம்!

மூணு பேர் டீமில் ஒருத்தர் தனியாக ஓடிப்போய் அடிவாங்கி விழுவார். விழுந்த பிறகு அதே இடத்தில் இருபது பிங். எதுக்கு? ஓடும்போதே ஒண்ணு போட்டிருந்தால் கூடவே வந்திருப்போமே! இன்னொருத்தர் கீழே கிடக்கிற துப்பாக்கிக்கெல்லாம் பிங் அடிப்பார். அந்த இரைச்சலில் எதிரியைக் காட்டும் நிஜமான சிவப்புக் குறி வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

எதிரியின் கவசத்தை உடைத்தாயா, உடனே அவன்மேல் குறி போடு. கவசத்தை மறுபடி நிரப்பும் ஷீல்டு பேட்டரி போட அவனுக்கு 5 வினாடி ஆகும். அதற்குள் மூணு பேரும் பாய்ந்தால் சண்டையே முடிந்தது. அதைச் சொல்லாமல் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எப்படி?