மை கொட்டினால் ஓவியம் ஆகிவிடுமாம்!

"பரவாயில்ல, அதையே ஒரு ஓவியமா மாத்திடு!" இனிமேல் இப்படி யாராவது என்னிடம் சொன்னால், அவர்கள் வெள்ளைச் சட்டையில் ஒரு பாட்டில் மையைக் கவிழ்த்துவிட்டு, "அதையே சுங்குடியா மாத்திக்கிடுங்க" என்று சொல்லப்போகிறேன்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடு ஒன்றின் வளவை, அதாவது உள்முற்றத்தை, வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தேன். தூண், தாழ்வாரம், தரையின் ஆத்தங்குடிக் கல் எல்லாம் முடித்து, சுவரை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். தொடாமல் வைப்பதுதானே வேலையே! முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பூசித் தேய்த்த சுவர், இத்தனை வருஷம் கழித்தும் பளபளவென்று நிற்கிறதே, அதை வாட்டர்கலரில் காட்ட ஒரே வழி காகிதத்தைச் சும்மா விடுவது. தப்பு நடந்தால் மேலே வெள்ளையை அப்பி மறைக்க இது ஆயில் பெயிண்டிங் இல்லை.

அந்தச் சுவரில்தான் மையைக் கொட்டினார் அம்மான், என் தாய்மாமா.

எதற்கு? கல்யாண வீட்டில் மொய் எழுத. மைப் பேனாவில் எழுதினால்தான் மொய்க்கு மரியாதையாம். முகப்பு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்று நீளக் கிடக்கிற வீட்டில் வேறு இடமே கிடைக்காமல், "இங்கதான் ஆத்தா வெளிச்சம் நல்லாருக்கு" என்று என் பலகை மேலேயே பாட்டிலை வைத்து, மூடியைத் திறந்து, பேனாவின் கழுத்தைத் திருகி, அந்த நேரம் பார்த்து செல்போன் அடிக்க, "அலோ, யாரு, சத்தமாப் பேசுங்க" என்று இவரே ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு எழுந்து, தோள் துண்டு பாட்டிலை இழுத்து...

"அடடே, சாஞ்சிருச்சே" என்றார். சாஞ்சிருச்சாம். பாட்டிலுக்குத் தலைசுற்றல் போல.

கொட்டியதோடு விட்டாரா? மை மேலாக நிற்கும்போதே ஒரு டிஷ்யூவை ஒற்றி எடுத்தால் பாதியாவது வந்துவிடும். தேய்த்தால் காகித நாருக்குள் இறங்கிவிடும். அம்மான் தேய்த்தார். அதே துண்டால். நான் "வேண்டாம் வேண்டாம்" என்று கத்தக் கத்த, சொம்பிலிருந்து தண்ணீர் வேறு தெளித்துத் தேய்த்தார். இந்தியன் இங்க் என்றால் கரியும் அரக்கும், காய்ந்தபின் இருந்த இடத்திலேயே கிடக்கும். பேனா மை வெறும் சாயத் தண்ணீர், ஈரம் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். போனது. தூண் வரைக்கும் போனது.

அடுத்து அம்மான் மகள் வந்தாள். போனில் வீடியோ பார்த்தாளாம், உப்புத் தூவினால் பூப்பூவாக வருமாம். வரும்தான். ஈரம் வற்றி லேசான மினுமினுப்பு மட்டும் இருக்கும்போது போட்டால் வரும். குளமாக நிற்கும்போது கைநிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டால்? உப்புத் தண்ணீர் வரும்.

பிறகு ஆளாளுக்கு யோசனை. மேகமாக்கிடு, மழையாக்கிடு. சுவருக்குள்ளே எப்படிம்மா மேகம் வரும்? கடைசியில் கோபத்தோடு கோபமாக, ஒரு கயிற்றை இழுத்து, அந்த நீலத்தைக் காயப்போட்ட கண்டாங்கிச் சேலையாக ஆக்கினேன். கட்டம் போடப் போட, அடியிலிருந்த சாயம் கரைந்து ஒவ்வொரு கோடும் ஒழுகியது. ஆயா, எங்கள் பாட்டி, வந்து கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இந்த நெறத்துல எவ கண்டாங்கி கட்டுனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சேலையைத்தான் பாராட்டுகிறார்கள். தூணை ஒருத்தர் பார்க்கவில்லை, கல்லை ஒருத்தர் பார்க்கவில்லை. அம்மானோ பக்கத்திலேயே நின்று, "நான் கொட்டலேன்னா இது வந்திருக்குமா?" என்று கூச்சமே இல்லாமல் பங்கு கேட்கிறார். கேட்கட்டும். அந்த மைச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். கொஞ்ச வருஷம் வளவில் மாட்டி வைத்தால் அம்மானின் பங்கு மட்டும் காணாமல் போய், சேலையில்லாத வெறும் கட்டங்கள் கயிற்றில் தொங்கும். அதை நினைத்துத்தான் நேற்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன், ஆயா பயந்துபோய்த் திருநீறு பூசிவிட்டார்கள். அம்மான் அதற்குள், "காரைக்குடி போனா புது மைப் பாட்டில் ஒண்ணு வாங்கியா ஆத்தா" என்கிறார்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அந்தக் கல்யாண வீட்டு ரேடியோ செட் விடியற்காலை நாலரைக்கே அலற ஆரம்பித்துவிட்டதே, அதை யாராவது போய்க் கேளுங்களேன்!