மயக்க மருத்துவம், நான் கேட்டு எடுத்தது

டாக்டர் மேற்படிப்புக்கான கவுன்சிலிங்கில் மயக்க மருத்துவம் எடுத்திருக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நெல்லிக்குப்பத்துப் பெரியப்பா, "பரவாயில்ல பாப்பா, அடுத்த வருஷம் திரும்ப எழுது, ரேடியாலஜி கிடைக்கும்" என்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் எதிர்வீட்டு அக்காவுக்கு, தனியாக கிளினிக் போட முடியாதே என்ற கவலை. எல்லாம் என் மேல் உள்ள பிரியம்தான். ஆனால் 200 கேள்வி, 800 மதிப்பெண் என்று அந்த மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்கு ராப்பகலாகப் படித்தபோதே எனக்கு இதுதான் வேண்டும் என்று தெரியும்.

ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு ராத்திரி அவசர சிசேரியன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண், "கண்ணு இருட்டுது மேடம், வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மயக்க மருத்துவர் மேடம் ஏற்கெனவே சிரிஞ்சில் எடுத்து வைத்திருந்த மருந்தைக் கொடுத்து, டிரிப்ஸை வேகமாக்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்லம்மா, மூச்ச நல்லா இழுத்து விடு" என்று பேசிக்கொண்டே மானிட்டரைப் பார்த்தார், திரைக்கு அந்தப்பக்கம் ஆபரேஷன் ஒரு நொடிகூட நிற்கவில்லை. குழந்தை அழுதது. வெளியே சொந்தக்காரர்கள் சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், மேடம் உள்ளே அவள் பக்கத்திலேயே நின்றிருந்தார். அன்றைக்கு முடிவு செய்ததுதான்.

அப்புறம் இந்த முதுகுவலி. பத்து வருஷத்துக்கு முன்னால் பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று நம் ஊரில் சொல்லாத பெண்ணே இல்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்குத் தலைவலி வரலாம், ஆனால் வருஷக்கணக்கில் நிற்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை. கர்ப்பத்தில் தளர்ந்த தசைகள், குனிந்தே பால் கொடுப்பது, குடம் தூக்குவது என்று பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஊசி மேல் பழி போட்டுவிட்டால் அந்த வலிக்கு வைத்தியமே பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வெறும் வயிற்றோடு வரச் சொல்வதையும் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "டீதானே குடிச்சேன்" என்பார்கள். பால் சேர்ந்த டீ சாப்பாட்டுக் கணக்குதான், 6 மணி நேரம் இடைவெளி வேண்டும், வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள், திட்டு விழுந்தாலும் சரி.

ஆபரேஷனுக்கு முன்னால் எங்களில் ஒருவர் உங்களைப் பார்க்க வருவார். ஆஸ்துமா, சாப்பிடும் மாத்திரைகள், முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆடுகிற பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தொண்டையில் குழாய் போடும்போது அது கழன்று மூச்சுக்குழாய்க்குள் விழுந்துவிடக்கூடும்.

திங்கட்கிழமை புதுச்சேரியில் சேர்கிறேன்.