உன்னையே நீ அறிவாய்: தனியாகச் செய்கிற வேலையா அது?

‘உன்னையே நீ அறிவாய்’ என்ற வாக்கியத்தைச் சாக்ரடீஸ் சொன்னதாகவே நம்மில் பலர் எழுதுகிறோம். அது அவர் சொல் இல்லை. பண்டைய கிரேக்கத்தின் டெல்ஃபியில், அப்போலோ தெய்வத்தின் கோயில் முகப்பில் பொறித்திருந்த வாசகம் அது. ‘எதிலும் மிதமிஞ்சாதே’ என்பதும் அங்கேயே இருந்தது. கோயிலுக்கு வருகிறவனிடம் ‘நீ மனிதன், தெய்வம் அல்ல, உன் அளவு தெரிந்து உள்ளே வா’ என்று சொல்வதாகவே அதற்குப் பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள்.

கண்ணை மூடி உட்கார்ந்து உள்ளே தேடுகிற பயிற்சியாக இதை விளக்கும் பதிவுகளில் எனக்கு உடன்பாடில்லை. சாக்ரடீஸ் கையில் அது, எதிரே ஓர் ஆள் இல்லாமல் நடக்காத வேலை.

சாக்ரடீஸோடு பழகிய செனஃபோன் அவரைப் பற்றி எழுதிய ‘நினைவுக் குறிப்புகள்’ நான்காம் நூல், இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யூதிடேமஸ் என்ற இளைஞன் நிறைய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறான், அரசியலில் பெரிய ஆளாக வேண்டும் என்று ஆசைப்படுகிறான். நீதி எது, அநீதி எது என்று தனக்குத் தெரியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சாக்ரடீஸ் இரண்டு எழுத்துகளை எழுதுகிறார்: நீதிக்கு டெல்டா, அநீதிக்கு ஆல்ஃபா (அவற்றுக்கான கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள்). பொய், ஏமாற்று, தீங்கு செய்தல், பிறரை அடிமையாக்குதல், நான்கையும் எங்கே எழுதலாம்? எல்லாம் ஆல்ஃபா பக்கம்தான் என்கிறான். சரி, போரில் தளபதி எதிரியை ஏமாற்றினால்? அது நீதி. அப்படியானால் எதிரிக்குச் செய்தால் நீதி, நண்பருக்குச் செய்தால் அநீதி என்று அவனே திருத்துகிறான். விடவில்லை சாக்ரடீஸ். சோர்ந்துபோன படையிடம் ‘துணைப்படை வருகிறது’ என்று பொய் சொல்லும் தளபதி? மருந்து குடிக்க மறுக்கும் மகனுக்கு உணவில் கலந்து கொடுக்கும் தகப்பன்? மனம் உடைந்த நண்பன் தன்னைக் கொன்றுகொள்வானோ என்று அவன் வாளைத் திருடி ஒளிப்பவன்? பட்டியல் கலைந்துபோகிறது.

டெல்ஃபி பற்றிய கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது, முன்னால் அல்ல. அங்கே போயிருக்கிறாயா? இரண்டு முறை. வாசகத்தைக் கவனித்தாயா? கவனித்தேன். உன்னை ஆராய்ந்து பார்த்தாயா? இல்லை, அது ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தேன்.

உடனே குதிரை உதாரணம். குதிரை வாங்குகிறவர், அது சொன்னபடி கேட்குமா முரண்டு பிடிக்குமா, வலுவுள்ளதா இல்லாததா, வேகமா மந்தமா என்று பார்க்காமல் ‘இந்தக் குதிரையை எனக்குத் தெரியும்’ என்று சொல்வதில்லை. பெயர் தெரிந்தால் போதாது. தன்னை அறிதலும் அப்படித்தான்: எந்த வேலைக்கு நான் ஆவேன், எதற்கு ஆகமாட்டேன் என்று தெரிவது.

‘எலெங்கஸ்’ என்னும் இந்தக் குறுக்கு விசாரணைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பதில் சொல்பவர் தான் உண்மையில் நம்புவதையே சொல்ல வேண்டும். சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோ எழுதிய ‘குடியரசு’ முதல் நூலில், அவரோடு வாதாடும் திராசிமாக்கஸ் கோபத்தில் வெறுமனே தலையாட்டத் தொடங்குகிறார். அதன் பிறகு முரண்பாடு வெளிப்பட்டாலும் அது அவரைத் தொடாது, வாதம் மட்டும் தோற்கும். கேள்வி கேட்பவர் பக்கமும் கெடும். இந்த முறையைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் பிறரை மடக்கி ரசித்தார்கள், அந்தக் கோபமும் தன்மேல்தான் விழுந்தது என்று தனக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட கி.மு. 399 வழக்கில் சாக்ரடீஸே சொல்கிறார்.

வரையறை தெரிந்தால் போதும் என்பவர்களுக்குக் கிரிட்டியாஸைத்தான் காட்டுவேன். பிளேட்டோவின் ‘சார்மிடீஸ்’ உரையாடலில் ‘தன்னடக்கம் என்பதே தன்னை அறிதல்’ என்று டெல்ஃபி வாசகத்தை வைத்து அழகாக வாதாடுபவர் அவர். கி.மு. 404இல் ஏதென்ஸை ஆண்ட முப்பது கொடுங்கோலர்களின் தலைவர்களில் ஒருவரும் அவரே. பிளேட்டோ ‘பிலிபஸ்’ உரையாடலில் தன்னை அறியாமையை மூன்றாகப் பிரிக்கிறார்: தன் செல்வத்தை, தன் உடலை, தன் நற்குணத்தை உள்ளதைவிட அதிகமாக நினைப்பது. மூன்றாவதில் விழுபவர்கள்தான் மிக அதிகம் என்கிறார். பலமில்லாதவரிடம் இருந்தால் அது சிரிப்புக்கு இடம், பலமுள்ளவரிடம் இருந்தால் ஆபத்து. கிரிட்டியாஸை நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு நடுக்கம் வருகிறது.

யூதிடேமஸ் அன்று மனம் நொந்து, தன்னையே இகழ்ந்துகொண்டுதான் போனான். இப்படி அடிபட்டவர்களில் பலர் சாக்ரடீஸ் பக்கமே திரும்பவில்லை என்கிறார் செனஃபோன். இவன் திரும்பி வந்தான். அதைக் கண்டபின் சாக்ரடீஸ் அவனைக் குழப்புவதை நிறுத்திவிட்டு, அவன் அறிய வேண்டியவற்றை நேராக, தெளிவாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.