சுதா பரத்வாஜ் பத்தி ஒரு திருத்தம்
தொழிலாளர்களுக்காக வாதாடுற வக்கீல் சுதா பரத்வாஜ் பத்தி மேல ஒருத்தர் "அமெரிக்காவுல லா படிச்சுட்டு வந்து பேர் வாங்க தொழிலாளர் கேஸ் எடுத்தாங்க, 2021ல கோர்ட்டே நிரபராதின்னு விட்டுடுச்சு"ன்னு எழுதியிருக்கார். ரெண்டுமே தப்புங்க.

பொறந்தது தான் அமெரிக்கா, 1961ல. அந்த சிட்டிசன்ஷிப்பையே வேணாம்னு விட்டுட்டாங்க. படிச்சது ஐஐடி கான்பூர்ல கணக்கு. 80கள்லயே சத்தீஸ்கர் பக்கம் போயி தொழிற்சங்கத் தலைவர் சங்கர் குஹா நியோகியோட யூனியன்ல சேர்ந்து, தல்லி ராஜ்ஹராவுல இரும்புச் சுரங்கத் தொழிலாளிங்க பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுத்தாங்க, 1991ல நியோகிய தூங்கிட்டிருக்கும்போதே சுட்டுக் கொன்னாங்க, அதுக்கப்புறமும் சுதா யூனியனை விட்டுப் போகல. லா டிகிரி வாங்கினது 2000ல, அப்போ வயசு 40ஐ நெருங்கிடுச்சு. அதாவது யூனியன் வேலைக்காக வக்கீலானவங்க, வக்கீலாகி யூனியனுக்கு வந்தவங்க இல்ல. இந்த வரிசையை மாத்திச் சொன்னா அவங்க வாழ்க்கையே வேற மாதிரி ஆயிடுது, எனக்கு அதான் ரொம்ப உறுத்துச்சு.

அடுத்து அந்த "விட்டுடுச்சு". 2018 ஆகஸ்ட்ல பீமா கோரேகான் வழக்குல (புனே பக்கம் 2018 ஜனவரியில நடந்த கலவரத்தை ஒட்டி சமூக ஆர்வலர்கள் மேல போட்ட வழக்கு), யுஏபிஏங்குற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல கைது. 2021 டிசம்பர்ல பம்பாய் ஹைகோர்ட் குடுத்தது டிஃபால்ட் பெயில், அதாவது சார்ஜ்ஷீட்டை உரிய காலத்துல போடாததால கிடைக்குற ஜாமீன். 90 நாளுக்குள்ள சார்ஜ்ஷீட் போடணும், போடலன்னா கோர்ட் டைம் நீட்டிக்கலாம், ஆனா இங்க நீட்டிச்ச புனே கோர்ட்டுக்கு அந்த அதிகாரமே இல்லன்னு சொல்லித்தான் பெயில். குற்றம் செஞ்சாங்களா இல்லையாங்குறதுக்குள்ள அந்த ஆர்டர் போகவே இல்ல. கோர்ட்ல வழக்கு விசாரணையே நடக்காம மூணு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்தாங்க, அதை "நிரபராதின்னு விட்டாச்சு"ன்னு எழுதினா அந்த மூணு வருஷம் காணாமப் போயிடுது. தயவுசெஞ்சு பதிவை எடிட் பண்ணிடுங்க.