அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் போர்வையை விலக்கினார்

படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் பராமரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், தொடுவதற்கு முன் நோயாளியின் சம்மதம் கேட்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவைப் பார்க்க பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர், அதாவது நீண்டநாள் நோயாளிகளின் வலியையும் சிரமத்தையும் குறைக்கப் பார்க்கும் நர்ஸ், வீட்டுக்கே வருவார் (கேரளத்தில் இதற்கென்று 2008-லேயே கொள்கை வந்துவிட்டது). அவர் மலையாளி. ஆனாலும் "அம்மா, முதுகைப் பார்க்கட்டுமா?" என்று தமிழில் கேட்டு, அம்மா தலையசைத்த பிறகே போர்வையை விலக்குவார். பேச்சு வராதவர்தானே என்று ஒருநாளும் விட்டதில்லை.

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும், சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கணும், அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் அங்கே தேய்க்கவே கூடாது என்று சொல்லித் தந்தார். அதுவரை நான் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அம்மா போகும்வரை படுக்கைப் புண் வரவில்லை.