இடிப்பது மேல்வீடா, டிரம்மா?

மூன்று வருடம் காத்திருந்து, 38 வெள்ளி கொடுத்து வாங்கிய ஹெவி மெட்டல் ஆல்பம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் ஆசையாகப் போட்டேன். அதே நேரம் மேல்வீட்டில் புதுப்பிப்பு வேலை. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மேல்வீட்டுக்காரராவது நடுவில் தேநீர் குடிக்க நிறுத்துகிறார்.

பாஸ் கிட்டார் எங்கே? யாராவது பார்த்தீர்களா? ஸ்னேர் டிரம்மா, காலி மைலோ டப்பாவா? இரண்டாவது பாட்டு ஒற்றை கிட்டாரோடு மெதுவாகத் தொடங்குகிறது. பிறகு மொத்தக் குழுவும் பாய்கிறது. நெஞ்சு அதிர வேண்டாமா? ஒலி ஒரு இம்மிகூட ஏறவில்லை! அமைதி என்று ஒன்று இருந்தால்தானே இடி இடியாகக் கேட்கும்? கணினியில் அலைவடிவத்தைப் பார்த்தேன். எல்லா ஒலியையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றியதில் மேடு பள்ளமே இல்லை; மேலும் கீழும் சீவிய செங்கல். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே குறுந்தட்டு 96 டெசிபல் இடைவெளி தருகிறது. இவர்களோ ஐந்தறை வீடு வாங்கிக் கழிவறையில் குடியிருக்கிறார்கள்.

2008இல் மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் இதே குற்றத்துக்காக ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. வீடியோ கேமில் வந்த பதிப்பு அதைவிடத் தெளிவாக இருந்தது, கொடுமை! அதற்குப் பிறகுமா?

சட்டென்று வீடு அமைதியானது. மனைவி எட்டிப் பார்த்து, “அப்பாடா, மேலே வேலை முடிந்துவிட்டதா?” என்றாள்.

முடிந்தது ஆல்பம்.